கொண்டைமுடி சந்தைக்கு வந்தது

ஐமுடி மலையின் நாலாவது உச்சியான கொண்டைமுடி, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பால்வண்டி வருகிற நேரத்துக்கு, தான் இருந்த இடத்தை விட்டு எழுந்து, வழியில் ஒரு மரத்தையும் முறிக்காமல் சரிவோடு இறங்கி, சந்தைமேட்டு ஊரின் சந்தைத் திடலில் வாழைக்காய் வரிசைக்கும் ஆடு கட்டும் முளைகளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தபோது, ஊர் கேட்ட முதல் கேள்வி, இனிமேல் கருவாட்டுக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதுதான். மலை நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை. சந்தைமேட்டுக்காரர்கள் அந்த மாதிரிக் கேள்விகளில் பொழுதை வீணாக்குகிறவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்துக் கூரை ஏன் விழுந்தது என்றோ, பஸ் ஏன் வரவில்லை என்றோ அவர்கள் கேட்டதில்லை. விழுந்த கூரையின் ஓடுகளை யார் எடுத்துப்போவது, வராத பஸ்ஸுக்குப் போட்ட நிழற்குடையில் யார் கடை வைப்பது என்பதில்தான் அவர்களுடைய புத்தி முழுவதும் கூர்மைப்பட்டிருந்தது.

இறங்கியதற்குக் காரணம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அர்த்தநாரி, தேர்தலுக்கு முன்னால் ஐமுடியான் கோயிலில் நின்று, ஜெயித்தால் முடி இறக்குகிறேன் சாமி என்று நாலு பேர் காதில் விழும்படி வேண்டிக்கொண்டார். ஜெயித்தார். ஜெயித்த பிறகு கண்ணாடியைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதிலும் நெற்றியில் அலையலையாக விழுகிற, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கறுப்பேற்றிக்கொள்கிற, வாசனைத் தைலம் மணக்கிற முடி அது. சுவரொட்டியில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. அதை மழித்துவிட்டால், தாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று ஊருக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். யோசித்துப் பார்த்துவிட்டுப் பூசாரி சடையப்பனிடம் போனார்.

"பூசாரி, முடி இறக்குறேன்னுதான் சொன்னேன். மொத்தத்தையும்னு சொல்லலையே?"

"சொல்லலைங்க தலைவரே."

"அப்ப ஒரு முடி இறக்குனாப் போதும்ல?"

"எந்த முடிங்க?"

"எதையோ ஒண்ணைச் சாமியே பார்த்து இறக்கிக்கட்டும்யா. எனக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு."

சாமி பார்த்து இறக்கிக்கொண்டது. தலையில் முளைப்பதற்கும் மலைக்கு மேலே நிற்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிற ஊரில் சாமி மட்டும் என்ன செய்யும்? கீழே சாயம் பூசிய ஒரு தலை இருந்தது, மேலே ஐந்து உச்சி இருந்தது. தன் தகுதிக்கு எது சரியென்று பட்டதோ அதை எடுத்துக்கொண்டது.

கொண்டைமுடி இறங்கியதில் நெஞ்சு அடைத்துப்போனது ஊரில் ஒருத்திக்குத்தான். அவள் பெயர் மாதேஸ்வரி. மலைக்குப் பின்பக்கம் பத்தொன்பது வீடுகள் உள்ள புறத்தூரில் பிறந்தவள். பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு, சந்தைமேட்டிலிருந்து புறத்தூருக்கு கேஸ் சிலிண்டரும் ரேஷன் அரிசியும் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவள். மலைநடைக் கழகம் என்று ஒன்று புதிதாக வந்து, ஐந்து உச்சிகளையும் ஒரே பகலில் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற வட்டப் பாதை ஒன்று வேண்டும், அதைத் திட்டம் போட்டுத் தர ஆள் வேண்டும் என்று கேட்டபோது, மலையை ஏறிப் பார்த்த ஆள் என்று அவளைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். மற்றவர்கள் மலையைக் கும்பிட்டதோடு சரி.

அவள் அந்தத் திட்டத்தை நாற்பது பக்க நோட்டில், கோடு தாண்டாத எழுத்தில் எழுதினாள். காலை ஐந்து மணிக்கு ஊர்க்குளத்தில் புறப்பட வேண்டும், வெறும் வயிற்றோடு ஏற வேண்டும், ஆறே முக்காலுக்குக் கூன்முடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். எட்டேகாலுக்குத் தேன்முடி, அங்கே மலைத்தேனீ இருப்பதால் வாசனை எதுவும் பூசிக்கொண்டு போகக்கூடாது. பத்தரைக்குக் குருவிமுடி, அதன் அடியில் இருக்கிற ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீர் இல்லை. பன்னிரண்டரைக்குக் கொண்டைமுடி, மூடுபனி ஏறுவதற்குள். பிறகு புறத்தூர். இரண்டு மணிக்குள் உறுமி ஓடையைத் தாண்டிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பகலில் மேலே பெய்கிற மழை ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வந்து சேரும். பிறகு காவல்முடி, ஆறேகாலுக்குத் திரும்பவும் ஊர்க்குளம். இதைப் பதினொரு தடவை நடந்து பார்த்தாள். சுமையோடு நடந்தாள், சுமையில்லாமல் நடந்தாள், குட்டையான கால்காரர்கள் எப்படி நடப்பார்கள் என்று அடியைச் சுருக்கி வைத்தும் நடந்தாள். ஒரு தடவை இருபது நிமிஷம் தாமதமானதைக்கூட மறைக்காமல் எழுதினாள்.

இவ்வளவும் நடப்பவர்களுக்காக இல்லை. கழகத்தின் விதியில் ஒரு வரி இருந்தது: வட்டப் பாதையின் குறுக்கே ஓடை வந்தால் அதற்குப் பாலம் கட்டித் தரப்படும். பத்தொன்பது வீட்டுக்கு யாரும் பாலம் கட்ட மாட்டார்கள், மனு எழுதி எழுதிப் புறத்தூருக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் பொழுதுபோகாமல் நடக்க வருகிறவனுடைய பாதம் நனையக்கூடாது என்றால் கட்டுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசியில் மாதேஸ்வரியின் அக்கா வெள்ளையம்மாவைப் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் தூக்கி வந்தவர்கள், உறுமி ஓடை இறங்கட்டும் என்று இரண்டு பகல் கரையில் காத்திருந்தார்கள். ஓடை இறங்கியது. பிள்ளை போய்விட்டது. இப்போது வெள்ளையம்மா மறுபடியும் உண்டாகியிருந்தாள். நாள் குறித்திருந்தது அதே ஐப்பசிக்கு.

கழகத்து அலுவலர் கிருபாகரன், கணுக்கால் வரை மூடுகிற மலையேற்றக் காலணி போட்டுக்கொண்டு, தார்ச் சாலையின் ஓரம் வரை வந்து நிற்பவர். கொண்டைமுடி இறங்கிய மூன்றாம் நாள் அவர் மாதேஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் ஓடை இனிமே ரூட்லயே வராதும்மா."

"ஏன் சார் வராது?"

"நாலாவது உச்சி இங்கயே வந்துருச்சே. மூணாவதுலருந்து நேரா சந்தைக்கு இறங்குறோம், இதைத் தொடுறோம், டீ குடிக்கிறோம், அந்தப் பக்கம் காவல்முடி ஏறி இறங்குறோம். பின்பக்கம் எதுக்குப் போகணும்?"

"அது வட்டமா சார்?"

"புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டா வட்டம்தான்."

"அப்ப டீக்கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வர்றதும் வட்டந்தானுங்களா சார்?"

அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேலிபேசத் தெரிந்தவளாக இருந்தால் வாழ்க்கையில் இன்னும் கொஞ்சம் முன்னேறியிருப்பாள். கிருபாகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. நோட்டின் இருபத்தாறாம் பக்கத்தில் பாலம் என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் கீழே கையெழுத்தும் போட்டார்.

ஊர் அதற்குள் உச்சியோடு ஒத்துப்போய்விட்டது. இறங்கிய உச்சி கோயில் கோபுரத்தில் பாதி உயரம் இருந்தது, வாழைக்காய் வரிசைப் பக்கமாக ஏறினால் பத்து நிமிஷம். கழகம் அதன் அடிவாரத்தில் ஒரு மேசை போட்டு, ஏறி இறங்கியவர்களுக்கு ‘உச்சி தொட்டவர்’ என்று சான்றிதழ் கொடுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள்கூடச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, மலையேறும்போது மனசு எப்படி லேசாகிறது என்று கல்யாண வீடுகளில் விளக்கினார்கள். கல்யாணம் ஆனவர்கள் உச்சியின் மேல் நின்று மறுபடியும் மாலை மாற்றிப் படம் பிடித்துக்கொண்டார்கள். கொண்டைமுடி தன்னுடைய மேகத்தையும் கூடவே கூட்டி வந்திருந்ததால், சித்திரை வெயிலில் மற்ற தெருக்கள் கொதிக்க, சந்தை மட்டும் பனியில் நனைந்துகொண்டிருந்தது. கருவாடு காயவில்லை. அப்பளம் விறைக்கவில்லை. மிளகாய்க்காரி ராஜாமணியின் மிளகாய் மூட்டைமூட்டையாகப் பூசணம் பிடித்தது. அவள் கத்தினாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர் வாங்கிக் கொடுக்கிற மலையா, குழம்புக்குப் போடுகிற மிளகாயா என்று கேட்டால் சந்தைமேட்டுக்காரன் காரமில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கீழத்தெருக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. சந்தை இருக்கிற மேலத்தெருவுக்கு மட்டும் உச்சியா என்று கேட்டு, தங்கள் தெருவுக்கும் ஒன்று இறக்கித் தருமாறு சாமிக்கு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டுக்காக ஒரு வாரம் கோயில் வாசலில் காத்திருந்தார்கள்.

இது இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஆடி மாதம் பிறந்ததும் கிருபாகரன் புதுத் திட்டத்தோடு வந்தார். பாதையைத் திறந்துவைக்க வருகிற மேலிடத்துப் பெரியவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஐந்து உச்சியையும் அவர் ஒரே பகலில் தொட வேண்டும் என்றால், மிச்சம் நாலும் கீழே வந்துவிடுவதுதான் நல்லது. சந்தையைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்துவிட்டால் மொத்த நடையும் பதினோரு நிமிஷம். நடுவில் ஒரு பந்தல் போடலாம். தலைவர் இன்னும் நாலு முடி வேண்டிக்கொண்டால் வேலை முடிந்தது. அர்த்தநாரி ஊருக்காக இந்தத் தியாகத்தைச் செய்ய உடனே சம்மதித்தார். அவருடைய மனைவி அவர் பின்னந்தலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், நாலு முடியைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் நூல் கட்டி வைத்தாள்.

ஊர்க்கூட்டம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வெளியே பகல் பதினோரு மணிக்குக் கூடியது. மாதேஸ்வரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். முதல் நாள்தான் புறத்தூருக்குப் போய்வந்திருந்தாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, என்னடி உன் பாலம், நோட்டுலயே கட்டிக்கிட்டு இருக்கியா என்று கேட்டிருந்தாள். காவல்முடியும் இறங்கிவிட்டால், புறத்தூருக்கு மனிதர்கள் வருவதற்கு உலகத்தில் ஒரு காரணமும் இருக்காது.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அது பொய்யாக இருக்குமோ என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை. திருப்பித் திருப்பி யோசித்தாள். தலைவர் முடி என்று சொன்னார். சாமி முடி என்று கேட்டது. முடி இறங்கியது. இதில் எந்த இடத்திலும் பொய் இல்லை. ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்து கேட்டாள்.

"பூசாரியய்யா, ஒரு சந்தேகம். வேண்டுதலுக்கு இறக்குன முடியை என்ன செய்யணும்?"

"இதென்ன கேள்வி? ஓடுற தண்ணியில விடணும்," என்றார் சடையப்பன்.

"விடலைன்னா?"

"விடாம எவன் வச்சிருப்பான்? தீட்டும்மா அது. வீட்டு வாசல்ல கிடந்தாலே ஆகாது."

மாதேஸ்வரி தலையைத் திருப்பிச் சந்தைத் திடலைப் பார்த்தாள். பூசாரி பார்த்தார். பிறகு தலைவர் பார்த்தார். பிறகு, ஒருவர் பார்க்கிற இடத்தைத்தான் தானும் பார்க்க வேண்டும் என்கிற பழக்கத்தால் மொத்த ஊரும் பார்த்தது. அங்கே நாலு மாதமாக, வாழைக்காய்க்கும் ஆடு கட்டும் முளைக்கும் நடுவில், மேகம் சுற்றிக்கொண்டு, இறக்கின முடி கிடந்தது.

முதலில் வாயைத் திறந்தவள் ராஜாமணி. "அய்யய்யோ, நாலு மாசமா அதும் பக்கத்துல உக்காந்துதானே சோறு தின்னேன்!"

"நாங்க அதும்மேல நின்னு மாலை மாத்தினோமே," என்றான் புதுமாப்பிள்ளை ஒருவன். "மயிர் மேலயாடி நின்னோம்?" என்று பெண்டாட்டியைக் கேட்டான், அவள்தான் அதை அங்கே கொண்டுவந்து போட்டது மாதிரி.

யாரோ காறித் துப்பினார்கள். யாரோ நாக்கை விரலால் தடவிப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்ட இட்லியில் ஏதோ நீளமாகத் தட்டுப்பட்டது என்று ஏழெட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வீடும் ஒரு பிள்ளையும் அசைக்க முடியாத ஊரை, சோற்றில் முடி கிடந்திருக்கலாம் என்கிற நினைப்பு ஒரே நொடியில் அசைத்துவிட்டது.

கிருபாகரன் கையை உயர்த்தினார். "எல்லாரும் கொஞ்சம் அறிவோட பேசுங்க. அது பாறை. வெறும் பாறை."

"பாறைன்னு சொல்லாதீங்க சார்!" என்று பதறியவர் அர்த்தநாரிதான். பாறை என்றால் முடி இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். முடி இறங்கவில்லை என்றால் வேண்டுதல் பாக்கி. ஊர் முழுவதும் அவருடைய நெற்றியலையை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தது. "நான் முடின்னுதான் வேண்டிக்கிட்டேன், முடிதான் இறங்கிருக்கு. சந்தேகமே இல்லை. தண்ணியில விட்ருவோம்."

"மிச்சம் நாலு?" என்றார் கிருபாகரன்.

"இந்த ஒண்ணைத் தூக்கவே ஆளில்லை, இன்னும் நாலா?" என்று கூட்டம் ஒரே குரலாகக் கேட்டது. தலைவர் பின்னந்தலைக்குக் கையைக் கொண்டுபோய், மஞ்சள் நூலை மெதுவாக அவிழ்த்தார்.

எந்தத் தண்ணீர் என்ற பேச்சு வந்தது. ஊர்க்குளம் ஓடுகிற தண்ணீர் இல்லை. மற்ற ஓடையெல்லாம் ஆடியில் காய்ந்து கிடந்தது. உறுமி ஒன்றுதான் வருஷம் முழுக்க ஓடுவது. எவ்வளவு தூரம் என்று மாதேஸ்வரியைக் கேட்டார்கள்.

"கூன்முடி, தேன்முடி, குருவிமுடி ஏறி, கொண்டைமுடி இருந்த மொட்டை வழியா இறங்கினா மதியம் ரெண்டு மணிக்குப் போயிடலாம்."

"குறுக்கு வழி இல்லையா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "இருக்குங்க. காவல்முடி வழியாப் போனா நாலு மணி நேரந்தான்."

எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. சடையப்பன் தலையை ஆட்டினார். "அது இடப்பக்கமாச் சுத்துறது. சாமிகாரியத்துக்கு வலமாத்தான் சுத்தணும். இடமாச் சுத்துறது பொணத்துக்கு." சற்று யோசித்துவிட்டு, "விட்டுட்டு வந்த வழியே திரும்பவும் கூடாது. முன்னாடியே நடந்து, காவல்முடி இறங்கித்தான் வீடு சேரணும்," என்றார். அவருக்கு முட்டிவலி, அவர் வரப்போவதில்லை. அதனால் சாத்திரத்தில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஆக, கழகம் அச்சடித்த தாளில் மட்டும் இருந்த வட்டப் பாதையில், தலைமுறை தலைமுறையாக மலையடியில் இருந்துகொண்டு ஒருநாளும் மலையேறாத சந்தைமேட்டு ஊர், ஆவணி முதல் தேதி தொடங்கி வீட்டுக்கு ஓர் ஆளாக நடக்க ஆரம்பித்தது. கைவைத்ததும் கொண்டைமுடி இழையிழையாகப் பிரிந்து வந்தது. ஒவ்வோர் இழையும் இருபது முழ நீளக் கல், பனைமரத்துப் பருமன். பத்துப் பேர் தோள் கொடுத்தால் நகரும். மாதேஸ்வரி முன்னால் நோட்டோடு நடந்தாள். வெறும் வயிற்றோடு ஏறச் சொன்னாள். பிரியாணி பொட்டலத்தைக் குளத்தடியிலேயே பிரித்தவர்கள் கூன்முடிக்குப் பாதியில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசனை பூசாதீர்கள் என்றாள். அர்த்தநாரி தைலம் தடவாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை, தேன்முடியில் ஒரு கூடு முழுவதும் அவர் தலையில் வந்து இறங்கியது. குருவிமுடி ஊற்றில் தலையை முக்கிக்கொண்டு கால்மணி நேரம் கிடந்து, எழுந்தபோது சாயம் எல்லாம் கரைந்து, அவர் வயதுக்கு உரிய வெள்ளைத் தலையோடு இருந்தார். கூட நடந்தவர்கள் அவரை அரைமணி நேரம் தேடினார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சந்தைக்கு வந்த உச்சியின் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டவர் என்பதால் கிருபாகரனையும் ஊர் விடவில்லை. அவருடைய காலணி கொண்டைமுடி மொட்டைக்கு வருவதற்குள் வாயைப் பிளந்தது. அங்கே மாதேஸ்வரி ஒரு நிமிஷம் நின்று, மழித்த தலை மாதிரி வழவழப்பாகக் கிடந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சொரசொரவென்று முளை தட்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உறுமி ஓடையில் எந்த இடத்தில் விடுவது என்பதை அவள்தான் காட்டினாள். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி, ஓடை தொண்டையை இறுக்கிக்கொண்டு உறுமுகிற இடம். ஏன் இந்த இடம் என்று கேட்டிருந்தால், முடியை எங்கே விட்டால் சிக்கிக்கொள்ளுமோ அங்கே விடச் சொல்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பாள். வீட்டில் குளியலறைத் தண்ணீர் போகாமல் நின்றால் எதை எடுத்து வெளியே போட வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தோள் வலியில் நின்றவர்கள், கல்லைத் தண்ணீருக்குள் விட்டு, கையைக் கழுவி, திரும்பிப் பார்க்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்தார்கள். முதல் இழை இரண்டு பாறைக்கும் குறுக்கே மாட்டி நின்றது. இரண்டாவது அதன்மேல் சிக்கியது. பிறகு வந்தவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரை அடியில் போகவிட்டு, மேலே முடிச்சு முடிச்சாகக் கிடந்தன. புரட்டாசி இருபதாம் தேதி சந்தைத் திடல் காலியானது. அடுத்த நாளே கருவாட்டுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். மேகம் கடைசி இழையோடு மலைக்குத் திரும்பிப் போய்விட்டது, ராஜாமணியின் மிளகாய் காய்ந்தது, ஊர் நாலு மாதமாக உச்சி ஏறிய கதையைப் பேசுவதை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து உச்சியையும் சுமையோடு சுற்றிய கதையைப் பேச ஆரம்பித்தது.

ஐப்பசி ஐந்தாம் தேதி கழகத்திலிருந்து மாதேஸ்வரிக்குக் கடிதம் வந்தது. தற்போது நாலு உச்சிகளே இருப்பதால் ஐமுடி வட்டப் பாதை கைவிடப்படுகிறது என்றும், உறுமி ஓடையில் ஏற்கெனவே ஒரு கடப்பு இருப்பது அலுவலரின் நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளதால் பாலத்துக்கான தேவை எழவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. நேரடி ஆய்வு என்ற சொற்களின் அடியில் கிருபாகரன் கோடு போட்டிருந்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதாம் தேதி காலையில் மழை பிடித்தது. பத்து மணிக்கு வெள்ளையம்மாவுக்கு வலி கண்டது. கட்டிலின் நாலு காலிலும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்க, மாதேஸ்வரி குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓட, ஓடைக்கரைக்கு வந்தார்கள். உறுமி செந்தண்ணீராகப் பொங்கி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. தூக்கியவர்களுக்குக் கால் தானாகவே நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் நின்ற அதே ஆட்கள், அதே கரை.

"நிக்காதீங்க மாமா. நடங்க," என்றாள் மாதேஸ்வரி.

நடந்தார்கள். கல்லிழைகள் காலடியில் வழுக்கவில்லை. ஆனால் ஒன்றுகூடச் சமமாக இல்லை. முடிச்சில் ஏறி, சிக்கில் இறங்கி, கட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டது. நடு ஓடையில், அடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு போக, வெள்ளையம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மெதுவாப் போங்கய்யா! அய்யோ... ஏண்டி மாதேசு, என்ன மசுருப் பாலம்டி இது!"

மாதேஸ்வரி குடையை அக்காவின் முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமாக்கா, மசுருப் பாலந்தான். கெட்டியாப் பிடிச்சுக்கோ, இன்னும் எட்டு அடிதான்."